வால் பொருத்து வைபவம்

எழுமலை மிராசுதார் முத்திருளன் அடித்த அழைப்பிதழில் கலெக்டர் துரையின் பெயர் ஓரளவு பெரிய எழுத்தில் இருந்தது. முத்திருளனின் பெயர் அதைவிடச் சற்றே பெரிதாக இருந்தது. இரண்டையும் மிஞ்சிய எழுத்தில் நடுவில் நின்றது வால். 'ரேடியோவால் இயங்கும் ஆகாய விமானத்துக்கு வால் பொருத்தும் வைபவம்' என்று நான்கு முனையிலும் மஞ்சள் தடவிய காகிதத்தில் அச்சாகி, மதுரை டவுனில் கோட்டுப் போட்டவர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. வால் பொருத்திய பிறகு விமானம் பறக்கும் என்கிற விவரம் கடைசி வரியில், எறும்பு ஊர்வதுபோலக் கிடந்தது.

அந்தக் கடைசி வரியைத்தான் அப்துல் அலீம் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

விமானம் என்றால் ஆள் ஏறுகிற விமானம் அல்ல. இறக்கையோடு ஒரு ஆள் நீளம் வரும் பொம்மை. மூங்கில் சிம்பும், மாலை கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் நெட்டியும், பட்டத்துக்கு ஒட்டும் காகிதமும் சேர்த்துச் செய்தது. மூக்கில் மட்டும் பம்பாயிலிருந்து வரவழைத்த உள்ளங்கை அளவு பெட்ரோல் இஞ்சின். தரையில் நிற்பவன் ஒரு பெட்டியில் உள்ள பித்தானை அமுக்கினால் விமானத்தின் வால் திரும்பும். வால் திரும்பினால் விமானம் திரும்பும். பணம் போட்ட முத்திருளனிடம் அலீம் அப்படித்தான் சொல்லியிருந்தான். விளக்குத்தூண் பக்கம் அவன் வைத்திருந்த கடையின் போர்டும் அதற்கு ஒத்து ஊதியது: 'அப்துல் அலீம், வயர்லெஸ் இஞ்சினியர், பம்பாய்.'

பம்பாயில் அவன் ஒரு ரேடியோ கடையில் இருந்தது உண்மை. விற்பனைக்கு வைத்த ரேடியோக்களின் மேல் தூசி தட்டினான். பின்கட்டில் ரிப்பேர் பார்க்கிறவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவர் கை போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதுரை ஸ்டேஷனில் இறங்கும்போது ரிப்பேர் தெரிந்த ஆளாகத்தான் இறங்கினான். விளக்குத்தூணுக்கு நடந்து வருவதற்குள் இஞ்சினியராகிவிட்டான். வழியில் தாய்மாமன் சுலைமானின் ஜவுளிக்கடை இருந்ததுதான் காரணம்.

சுலைமானின் மகள் சபியா அவனுக்கு முறைப்பெண். "ஒழுங்கா ஒரு தொழிலோட வா, பேசிக்கிருவோம்" என்று மாமா சொல்லித்தான் பம்பாய்க்கே போனான். இஞ்சினியர் என்றதும் மாமா யோசிக்கலாம் என்றார். யோசனை ஆடி தாண்டி, தை தாண்டி நீண்டது. கடைசியில் ஒருநாள் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்:

"மிராசுதாரு வைபவத்துல நான் முன்வரிசையில உக்காந்து பாக்குறேன், மாப்ள. ஊரு பாக்க அந்தச் சாமான் நீ சொன்னபடி சுத்திட்டு எறங்குச்சுன்னா அன்னைக்கே நிக்காஹ் தேதி குறிச்சுருவோம். இல்லேன்னா தூத்துக்குடிக்காரவுக வந்து கேட்டுக்கிட்டு நிக்கிறாக. அவுகள ரொம்ப நாளு நிறுத்திவைக்க முடியாது."

ரேடியோ வேலை செய்யாமல் இல்லை. வீட்டுக் கூடத்துக்குள் பித்தானை அமுக்கினால் வாலில் வைத்த சின்னத் தகடு சடக்கென்று திரும்பியது. பெட்டியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனால் தயங்கியது. தெருவுக்குக் கொண்டுபோனால் செத்துப்போனது. கம்பியை மாற்றினான், சுருளை மாற்றினான், பாட்டரியை மாற்றினான். மாறாதது தெரு ஒன்றுதான்.

"எம்புட்டுத் தூரம் கேக்குதுடா?" என்றாள் அவன் அக்கா ஆரிபா. விமானத்துக்குக் காகிதம் ஒட்டுகிற வேலை அவளுடையது.

"கொல்லைக்கதவு வரைக்கும்."

"அப்ப கலெக்டரக் கொல்லையில உக்கார வையி."

"அக்கா, சும்மா இரு. எனக்கு வயித்தக் கலக்குது."

"கலக்காம என்ன செய்யும்? நீ சொன்ன பொய் அம்புட்டும் அங்கதான கெடக்கு."

வழி காட்டியதும் அவள்தான். ஒரு பக்கம் காது கனத்த பட்டம் அந்தப் பக்கமே சுற்றும். இது மதுரையில் மாடியேறிப் பட்டம் விட்ட எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் போகிறபோக்கில் சொன்னாள். அலீம் பிடித்துக்கொண்டான். விமானத்தின் வாலில் இரண்டு பலகை: ஒன்று படுத்திருப்பது, அது மூக்கு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொள்ளும், மற்றது நிமிர்ந்து நிற்பது, அது இடம் வலம் பார்த்துக்கொள்ளும். நிமிர்ந்த பலகையை ஒரு நெல்லுமணி அளவு இடப்பக்கம் சாய்த்து ஒட்டிவிட்டால் விமானம் தானாகவே இடப்பக்கமாக வட்டம் போடும். அது திரும்பும்போதெல்லாம் கீழே நின்று பித்தானை அமுக்கினால் போதும். பெட்ரோல் தீர்ந்தால் இறங்கிவிடும்.

நெல்லுமணி கூடிப்போனால் விமானம் குப்புற விழும். குறைந்துபோனால் நேரே திருப்பரங்குன்றம் மலைக்குப் போய்விடும். பறக்கவிட்டுப் பார்க்கவும் வழியில்லை. மூக்கு உடைந்தால் வேறு இஞ்சின் கிடையாது. உடம்பில் பலகை உட்காரும் காடியைச் சாய்வாக வெட்டினான், கண்ணை மூடினான், இன்னும் ஒரு முடியளவு சீவினான். அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை.

வாலைப் பிரித்து வைத்திருந்ததே வினையாகப் போயிற்று. அவனியாபுரத்துக் கண்மாய்க்குள் நடக்கப்போகிற விவசாயக் கண்காட்சிக்கு வண்டியில் ஏற்றிப் போகும்போது வால் அடிபடக்கூடாது, அங்கே போய் ஒட்டிக்கொள்ளலாம் என்று முத்திருளனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். முத்திருளனுக்கு அந்த வருஷம் வெள்ளைக்காரச் சர்க்காரின் ராவ் சாகிப் பட்டம் வந்துவிடும் என்று தாசில்தார் ஆபீஸ் வட்டாரத்தில் பேச்சு. பேச்சைக் கிளப்பியவர் முத்திருளன். பெரிய மனிதர்கள் கல் நாட்டுகிறார்கள், கதவு திறக்கிறார்கள், நாடா வெட்டுகிறார்கள். விமானத்தில் தமக்கு என்ன வேலை என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

"வாலு ஒட்டணுமா? அப்ப அதை நான் ஒட்டுறேன்" என்றார். மறுநாளே அச்சகத்துக்கு ஆள் போயிற்று.

விமானத்தை ஏற்றிப் போக முத்திருளனின் ஆள் பேயாண்டி வண்டி கட்டிக்கொண்டு வந்தான். பொங்கலுக்கு அவனியாபுரத்து வாடிவாசலில் முத்திருளனின் காளையை அவிழ்த்துவிடுகிறவன் அவன்தான். தெற்குவாசல் தாண்டியதும் மாடுகள் மந்தமாக நடந்தன. பேயாண்டி பேச்சை நிறுத்தாமலே குனிந்து, வலத்து மாட்டின் வாலை ஒரு முறுக்கு முறுக்கினான். வண்டி பாய்ந்தது. அலீம் விமானத்தைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"அண்ணே, மெல்லப் போங்கண்ணே!"

"மாடுன்னா வால்லதான பாய் இருக்கு சூச்சுமம். மூஞ்சியப் பாத்துப் பேசுனா அது கேக்குமா?" பேயாண்டி திரும்பி விமானத்தைப் பார்த்தான். "இதுக்கு வாலு எங்க?"

"தனியா இருக்கு. ஐயா ஒட்டப்போறாரு."

"ஐயாவா?" என்று கேட்டுவிட்டு, பேயாண்டி இன்னொரு மாட்டின் வாலையும் முறுக்கினான்.

பங்குனி வெயிலில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பந்தல், நாற்காலி, நாதசுரம், வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் என்று இடம் அமளிப்பட்டது. முத்திருளன் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக நின்றார். கோட்டின் இடது மார்பில், மெடல் வந்தால் குத்துவதற்கு என்று ஒரு இடத்தைத் தையல்காரனிடம் சொல்லிக் கெட்டித் துணி வைத்துத் தைத்திருந்தார். முன்வரிசையில் கலெக்டர் துரை. அவருக்கு மொழிபெயர்க்கப் பக்கத்தில் தாசில்தார். ஓரத்து நாற்காலியில் சுலைமான் மாமா, கைத்தடிமேல் முகவாயை வைத்துக்கொண்டு. ரேடியோப் பெட்டிக்கான பாட்டரியை நிழல் பார்த்து அவர் காலடியில்தான் அலீம் வைத்தான். வைக்கும்போது நெற்றி வேர்வை பாட்டரிமேல் சொட்டியது.

"என்ன மாப்ள, காய்ச்சலா?"

"வெயிலு, மாமா."

மேளம் நின்றது. தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப் பசையை ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றித் தாம்பாளத்தில் கொண்டுவந்தார்கள். அந்த நாற்றத்தை வெள்ளியாலும் மறைக்க முடியவில்லை. கலெக்டர் கைக்குட்டையை எடுத்தார். முத்திருளன் படுத்த பலகையை ஒட்டினார். கைதட்டினார்கள். நிமிர்ந்த பலகையைக் காடியில் செருகினார். கைதட்டினார்கள். அவர் மட்டும் தட்டவில்லை. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

"அலீமு, இது கோணலா இருக்கே."

அலீம் ஒரு எட்டு முன்னால் வந்தான். "இல்லைங்கய்யா. அப்படித்தான்..."

"அப்படித்தான்னா? நான் எழுமலையில மூணு மெத்தை வீடு கட்டுனவன். எனக்குத் தெரியாதா நேரும் கோணலும்? கலெக்டர் துரை பாக்கையில கோண வாலை வச்சு நான் அசிங்கப்படணுமா? டேய், ஆர்ரா அங்க கொத்தன்? தூக்குக்குண்ட எடுத்தா!"

பந்தக்காலுக்குக் குண்டு பிடித்த கொத்தன் ஓடிவந்தான். நூல் தொங்கியது. நூலுக்கும் வாலுக்கும் நடுவில் அந்த நெல்லுமணி பட்டப்பகலில் எல்லோருக்கும் தெரிந்தது. முன்வரிசை முழுக்கத் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்றது. தாசில்தார் அதை இங்கிலீஷில் சொன்னார். கலெக்டரும் தலையைச் சாய்த்தார்.

கோணல்தான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பார்கள். ரேடியோ திருப்பாதா என்பார்கள். அலீம் வாயைத் திறந்தான். சுலைமான் மாமாவின் கண்கள் கைத்தடிக்கு மேலே இருந்தன. வாயை மூடிக்கொண்டான். முத்திருளன் பலகையை நிமிர்த்தி, காடியின் சந்தில் ஒரு நெட்டித் துண்டை அடைத்து, மேலே தாராளமாக ஒரு கரண்டி வச்சிரம் ஊற்றினார். நூலும் வாலும் ஒன்றாயின. நாதசுரக்காரர் கெட்டிமேளம் கொட்டச் சொன்னார்.

இனி ஒரே வழிதான். முத்திருளன் பிரசங்கம் செய்யவேண்டும். அவர் பிரசங்கம் லேசில் முடியாது; அது முடிவதற்குள் துரைக்கு அலுத்துவிடலாம், காற்றுக் கிளம்பலாம், காற்றைக் காரணம் காட்டி இன்னொரு நாள் என்று சொல்லிவிடலாம். குறைந்தபட்சம் பசையாவது காயும். பிரசங்கம் நீளவேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அன்றைக்கு அந்தக் கண்மாயில் அலீம்தான்.

முத்திருளன் கோட்டுப் பையிலிருந்து காகிதக் கட்டை உருவினார். "மகாகனம் பொருந்திய..." என்று ஆரம்பித்தார். கலெக்டர் கடிகாரத்தைப் பார்த்து, எழுந்து நின்று ஏதோ சொன்னார்.

"துரை பறக்கச் சொல்றாக" என்றார் தாசில்தார்.

"இன்னும் நான் பேசவே..."

"பறந்தப்புறம் பேசச் சொல்றாக."

பறந்த பிறகு பேச என்ன இருக்கும் என்பது அலீமுக்கு மட்டும் தெரியும். விமானத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பசை கஞ்சிபோலத் தளதளத்தது. தூத்துக்குடிக்காரர்கள் எந்த ரயிலில் வருவார்கள் என்றுகூட அவனுக்குள் ஒன்று கணக்குப் போட்டது.

தரையைச் செதுக்கிச் சமப்படுத்திய ஓடுபாதையில் வைத்து இஞ்சினைக் கிளப்பினான். பொம்மை என்றாலும் சத்தம் பொம்மைச் சத்தம் அல்ல. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். பேயாண்டி வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு வந்து விமானத்தின் பின்னால் குத்தவைத்தான்.

"நான் 'விடு'ன்னதும் விடுங்கண்ணே. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"எனக்கே அவுக்கச் சொல்லித்தாறியா பாய்? போ, போய்ப் பெட்டிகிட்ட நில்லு."

அலீம் பந்தலுக்கு ஓடிப் பெட்டியைக் கையில் எடுத்தான். விமானம் பேயாண்டியின் பிடியில் குமுறியது. வாடிவாசலுக்குள் காளை குமுறுவதைப்போலவே இருந்தது. அலீம் பிஸ்மில்லா சொல்லி, "விடு!" என்று கத்தினான்.

விமானம் ஓடியது, குதித்தது, தரையை விட்டது. நேராக, தூக்குக்குண்டு நூல் மாதிரி, திருப்பரங்குன்றத்தைப் பார்த்து ஏறியது. அலீம் கண்ணை மூடினான்.

கூட்டம் ஹோ என்றது. கண்ணைத் திறந்தால், விமானம் சாய்ந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் அல்ல. வலப்பக்கம். விழப்போகிறது என்று நினைத்தான். விழவில்லை. கண்மாய்க்கரைப் பனைகளை ஒட்டி அகலமாக ஒரு வளைவு எடுத்து, பந்தலைத் தன் வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தது.

"ஏய், வலம் வருதுடா!" என்று யாரோ அலறினார்கள். "பந்தல வலம் வருது! ஐயாவ வலம் வருது!"

அலீம் பந்தலைப் பார்த்தான். தான் நினைத்தபடி இடம் சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. பந்தலில் இருந்தவர்களை அபசகுனமாக இடம் சுற்ற ஒரு சாமானைச் செய்துகொடுத்தவன் என்று எழுமலை ஆட்கள் அவனை வண்டியூர் வரைக்கும் துரத்தியிருப்பார்கள். யார் திருப்பினார்கள், ஏன் திருப்பினார்கள் என்று ஒன்றும் புரியவில்லை. புரியாமலே பித்தானை அமுக்கினான். விமானம் தன்பாட்டுக்குத் திரும்பியது. மறுபடி அமுக்கினான்.

இரண்டாம் சுற்றில் முத்திருளனால் பொறுக்க முடியவில்லை. "இங்க தா" என்று பெட்டியைப் பிடுங்கினார். அவர் அமுக்கினார். விமானம் திரும்பியது. அவர் முகம் பூத்துப்போயிற்று.

"பாத்தியா, கைக்குக் கட்டுப்படுது!"

கலெக்டர் சுவாரசியமாக முன்னால் குனிந்து ஏதோ கேட்டார். "துரை அதை இடப்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்றாக" என்றார் தாசில்தார்.

அலீமின் உயிர் ஒருதரம் வெளியே போய்விட்டு வந்தது. முத்திருளன் பித்தான்மேல் வைத்த விரலை எடுத்தார்.

"என்னது, எடமா? நம்ம பக்கம் எழவு வீட்டுலதான் எடம் சுத்துவாக. நல்லகாரியத்துக்கு வந்த எடத்துல, அதுவும் துரைய வச்சுக்கிட்டு, எடம் சுத்தவிடுவேனா? துரைகிட்டச் சொல்லுங்க, இது மதுரை வழக்கம்னு!"

தாசில்தார் சொன்னார். கலெக்டர் மிகுந்த மரியாதையோடு தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்ததும் பந்தல் முழுக்க எழுந்து நின்றது. பெட்ரோல் தீர்ந்தது. விமானம் ஓசையில்லாமல் வட்டமடித்துக்கொண்டே இறங்கி, ஓரத்திலிருந்த வெள்ளரித் தோட்டத்தில் வயிற்றை வைத்து உட்கார்ந்தது. முத்திருளன் அதற்குப் பிறகு செய்த பிரசங்கத்தை யாரும் கேட்கவில்லை. அவரும் அதைக் கவனிக்கவில்லை.

அலீம் தோட்டத்துக்கு ஓடினான். விமானம் ஒரு கீறலும் இல்லாமல் கொடிகளுக்கு நடுவே கிடந்தது. தூக்கி வாலைப் பார்த்தான். நிமிர்ந்த பலகை வலப்பக்கம் திருகி நின்றது. காய்ந்து இறுகிப்போன வச்சிரத்தில், முத்திரை குத்தியதுபோல, ஒரு கட்டைவிரல் ரேகை.

பின்னாலேயே பேயாண்டி வந்துவிட்டான். முகம் சரியில்லை.

"பாய், கோவிச்சுக்காத. அவுக்கையில வாலை லேசா ஒரு முறுக்கு முறுக்கிட்டேன். பழக்கதோசம். கை சும்மா இருக்க மாட்டேங்குது. கெட்டுப்போச்சா?"

அலீமுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. "எந்தப் பக்கமாண்ணே முறுக்குவீங்க?"

"எப்பவும் வலதுதான். எடது கையி மூக்கணாங்கயித்துல இருக்குமுல்ல?"

கொடிகளை மிதிக்காமல் கைத்தடியால் விலக்கிக்கொண்டு சுலைமான் மாமா வந்தார். பேயாண்டி ஒதுங்கிப் போகும்வரை வெள்ளரிப்பிஞ்சுகளைப் பார்ப்பதுபோல நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கம்பித் துண்டை எடுத்து அலீமின் உள்ளங்கையில் வைத்தார். பெட்டியிலிருந்து பாட்டரிக்குப் போகவேண்டிய கம்பி.

"பாட்டரி எங் காலடியில இருந்துச்சு மாப்ள. இதுவும் எங் காலடியிலதான் கெடந்துச்சு. கடைசிவரைக்கும் ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கவே இல்ல."

சொருக மறந்திருந்தான். அலீம் விமானத்தைக் கீழே வைத்தான். இனி எதற்கு என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னான்: கொல்லைக்கதவுத் தூரம், நெல்லுமணி, பேயாண்டியின் கட்டைவிரல், பம்பாய்த் தூசி.

"தூசி தட்டுனது தெரியும்" என்றார் மாமா கடைசியில். "பம்பாய்ல எனக்குத் துணி அனுப்புறவன் அதே தெருவுலதான இருக்கான்."

"தெரிஞ்சுமா மாமா...?"

"சீமைத் துணின்னு முத்திரை குத்தி நான் விக்கிறது எந்த ஊரு நெசவுன்னு உனக்கும் தெரியும். நான் அதை விக்கையில வேர்த்துப் பாத்திருக்கியா? நீ இன்னைக்கு வேர்த்த வேர்வையில ஒரு கமலைத் தண்ணி எறச்சிருக்கலாம். ஒனக்குப் பொய் ஒட்டல, மாப்ள. யாவாரத்துக்கு லாயக்கில்ல. வீட்டுக்கு மருமகனா வச்சுக்கிரலாம், பயமில்ல." கைத்தடியை ஊன்றித் திரும்பினார். "தூத்துக்குடிக்குச் சொல்லிவிட்டுர்றேன். நீ போயி அந்தப் போர்ட எறக்கு."

நிக்காஹ் பத்திரிகையில் 'ரேடியோ ரிப்பேர்' என்றுதான் அச்சாயிற்று. போர்டை இறக்கும்போது ஆரிபா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "நேரா வருதான்னு பாத்து எறக்குடா, இல்லேன்னா மிராசுதாரு வந்துருவாரு" என்றாள். போர்டு வீணாகவில்லை. முத்திருளன் ஆள்விட்டு அதை வாங்கிப்போய், மேலே இருந்த பெயரை மட்டும் அழித்துத் தம் பெயரை எழுதி, இஞ்சினியருக்குப் பக்கத்தில் விமானி என்பதையும் சேர்த்து, எழுமலை வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் பேயாண்டி வண்டியோடு கடைக்கு வந்தான். எழுமலைத் திருவிழாவில் ஐயா தாமே விமானம் விடப்போகிறாராம். விமானமும் பெட்டியும் வேண்டுமாம்.

அலீம் இரண்டையும் எடுத்து வண்டியில் வைத்தான். பாட்டரியை மட்டும் கடையிலேயே வைத்துக்கொண்டான். அது வேறு ரேடியோவுக்கு ஆகும்.

"வச்சிரத்தக் கரச்சு வாலை மறுபடி பிரிச்சு வச்சிருக்கேன்ணே, அங்க ஐயா ஒட்டட்டும். ஒட்டுன அரைமணி நேரத்துக்குள்ள, பசை காயுமுன்ன விட்டுருங்க. வாலை வேற ஆரும் புடிக்கக் கூடாது. நீங்கதான் புடிக்கணும்."

பேயாண்டி தலையாட்டினான். "அப்ப பெட்டி?"

"அது ஐயா கையில இருக்கட்டும்."

"அமுக்கச் சொல்லவா?"

"நல்லா அமுக்கச் சொல்லுங்க."

பேயாண்டி வண்டியில் ஏறி உட்கார்ந்து, குனிந்து, மாட்டின் வாலைப் பிடித்தான்.